பெட்டியில் இருந்த சின்னச் சொல்

நூற்று எண்பத்தேழு ரிங்கிட் இருபது சென். மணியத்துக்கு நான் கொடுக்கவேண்டிய லைட்டுக் காசு அது.

பெக்கான் நானாஸ் ஊரில் மணியம் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம், நானும் என் சம்சாரம் பேச்சியம்மாளும். ஜன்னல் இல்லாத அறை. அவளுக்குச் சர்க்கரையில் கண் மங்கிப்போனதால் பல்பு ராத்திரி பகல் எரியும். மீட்டர் ஒன்றுதான். அவரவர் பல்பு எத்தனை வாட்டோ, அந்தக் கணக்கில் மணியம் காசு போடுவார்.

புதுப் பல்பு வாங்கிவந்த அன்று, "பெட்டியில என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

ஐம்பத்திரண்டு வயதில் கோயில் வகுப்பில் எழுத்துக் கற்றவன் நான், தமிழும், மலாய் எழுதுகிற ரூமி எழுத்தும். "நூறு வாட்" என்று பெருமையாகப் படித்தேன். எழுதிக்கொண்டு போனார். நூறுக்கு முன்னால் பொடி எழுத்தில் ஒரு சொல் இருந்தது. கூட்டிப் பார்த்தேன். செ... தா... ரா.

"செத்தாரா?" பேச்சி சிரித்தாள். "யாரு செத்தா? பல்புப் பெட்டி எழவு விசாரிக்குதா?"

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாய மூடு." பெட்டியை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டேன்.

மாதம் இருபத்துமூன்று நாற்பது. அன்னாசிக் கூடை தூக்கும் கூலியில் வாடகையும் மருந்தும் போக அது மிஞ்சவில்லை. எட்டு மாதம் ஏறிவிட்டது.

"மாசக் கடைசிக்குள்ள குடுங்கண்ணே. இல்லன்னா ரூம காலி பண்ணுங்க லா" என்றார் மணியம்.

அன்றைக்கே அந்தப் பல்பைக் கழற்றிவிட்டு, சாமிப் படத்துக்குப் போடும் மூன்று வாட் சிவப்புப் பல்பை மாட்டினேன்.

"ரசம் எது, குழம்பு எதுன்னே தெரியலீங்க" என்றாள் பேச்சி.

"கொஞ்ச நாள் பொறுத்துக்க."

ஆறாம் நாள் பட்டப்பகலில், சமையல்கட்டுக்கு இறங்கும் படி தெரியாமல் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தாள். நெஞ்சில் சளி கட்டி, போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வெளிச்சம் வேண்டுமே என்று பழைய பல்பை எடுத்தேன். கை நழுவி உடைந்தது. வெறும் பெட்டியோடு கடைக்குப் போனேன்.

"இதே நூறு வாட் ஒண்ணு குடும்மா."

கடைக்காரப் பெண் பிரவீனா பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். "அங்கிள், இது பதிமூணு வாட்தான். ஓரத்துல பாருங்க."

"நூறுன்னு பெரிசா போட்டிருக்கே?"

"முன்னால 'செத்தாரா'ன்னு இருக்குல்ல? மலாய்ல சமம்னு அர்த்தம். பழைய குண்டு பல்பு நூறு வாட்டத் தின்னுட்டுக் குடுத்த வெளிச்சத்த, இது பதிமூணுலயே குடுக்கும். வாட்டுன்னா திங்கிற கரண்டு அங்கிள், வெளிச்சம் இல்ல."

மணியம் போட்ட கணக்கைச் சொல்லி, பதிமூன்று வாட்டுக்கு எட்டு மாதக் காசு எவ்வளவு என்று கேட்டேன். போனில் தட்டிச் சொன்னாள்.

மணியம் வாசலில் இருந்தார். என்னைக் கண்டதும் நோட்டை எடுத்தார். "வாங்க வீரமுத்தண்ணே. போன உசுருக்கு முன்னால காசு என்ன காசு? நூத்தி எண்பத்தேழையும் தள்ளுபடி பண்ணிட்டேன்."

இருபத்துநான்கு ரிங்கிட் முப்பத்தைந்து சென் எண்ணி அந்த நோட்டின்மேல் வைத்தேன். பெட்டியைப் பக்கத்தில் வைத்து, ஓரத்தில் இருந்த பதிமூன்றில் விரலை வைத்தேன். அவர் குனிந்து படித்தார்.

"நாந்தான் உங்களுக்குத் தப்பா படிச்சுச் சொன்னேன்" என்றேன். "எரிஞ்சது இவ்வளவுதான். இத வரவு வைங்க. மிச்சத்துக்குத் தள்ளுபடின்னு எழுதாதீங்க. அது எரியவே இல்ல."

தள்ளுபடி என்ற சொல்லை அவர் அடித்தார். காசை எடுத்துக்கொண்டு, 'தீர்ந்தது' என்று எழுதினார். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.