ஒரு நல்ல வார்த்தையும் கிடைக்காத ஊர்

எலியூத்தேரியோ மமானி செத்து ஒரு வாரம் கழித்து மாலைத் தேநீருக்கு வந்து உட்கார்ந்தார். ரொட்டி தீய்ந்திருக்கிறது என்று குறை சொன்னார். மனைவி நேலிதா திரும்பிக்கூடப் பார்க்காமல், "அங்கயும் இதே வாய்தானா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கோப்பையை எடுத்து வைத்தாள். பொல்வொரால் ஊரில் இது பெரிய சமாசாரமில்லை. ஆத்தகாமா பாலைவனத்தின் நட்டநடுவில் காற்று அவ்வளவு வறட்சி. கீரை அழுகாது, காகிதமாகும். ஆட்டுக்கறி கெடாது, தோல்வாராகும். செத்தவர்களுக்கு எடை மட்டும் குறையும். மதியக் காற்று தூக்கிக்கொண்டு போகாமலிருக்க, சட்டைப் பையில் இரண்டு செம்புக் கல்லைப் போட்டு அனுப்பினால் கடைக்குக்கூடப் போய் வருவார்கள்.

பல வருஷம் இப்படியே ஓடியது. பிறகு தலைநகரத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது: பொல்வொரால் மனிதர் வாழத் தகுந்த ஊர்தானா? தீர்ப்புச் சொல்ல எர்த்தா ஒயார்சுன் என்ற அதிகாரி, எப்போதும் மழை பெய்யும் தெற்கிலிருந்து, குடையோடு வந்து இறங்கினார். தகுதியில்லை என்று அவர் சொன்னால் மலையிலிருந்து வரும் குடிநீர்க் குழாயை மூடிவிடுவார்கள். எல்லோருக்கும் தெற்கில் வீடு, வாசலில் ஆப்பிள் மரம் என்று ஏற்பாடு.

நேலிதா மட்டும் ஆப்பிள் மரத்துக்கு மயங்கவில்லை. பக்கத்து வீட்டு கசிமீரா, செத்த தாயாரைத் தெற்கே கூட்டிப்போய்ப் பட்ட பாடு அவளுக்குத் தெரியும். முதல் மழையிலேயே கிழவி ஊறிப்போனாள். அடுத்த மழையில் பூஞ்சை பிடித்தது. மகளைத் திட்டிக்கொண்டிருந்தவள் பாதி வசையில் நின்றாள், மீதி வரவேயில்லை. எலியூத்தேரியோவுக்கும் அதே கதிதான்.

இதில் இன்னொரு வில்லங்கம். பொல்வொராலில் யாரும் தன்னுடைய எதையும் புகழ மாட்டார்கள். புகழ்ந்தால் பாலைவனத்தின் காதில் விழும், அதற்கும் ஆசை வரும். பசிலியோ என்பவன் தன் சேவலை மெச்சிய மறுநாள் கொண்டை மட்டும் கிடந்தது. ஒரு புதுப்பெண் கூரையைப் பாராட்டினாள்; கூரை எல்லை தாண்டி பொலிவியாவுக்குப் போய்விட்டது. ஆகவே வந்த விருந்தாளிக்கு மற்ற ஊரில் இனிப்பு கொடுப்பதுபோல இங்கே குறையைக் கொடுப்பார்கள். அதிலும் நல்ல குறையாகப் பார்த்து.

இதெல்லாம் எர்த்தாவுக்குத் தெரியாது. வீடு வீடாகப் போய்க் கேட்டார்.

"ஊராம்மா இது? பல்லு வெளக்குன தண்ணியிலயே தலைக்கும் ஊத்திக்கிறோம்," என்றான் நாவிதன்.

"என் முடி கொட்டினதே இந்த வெயிலாலதான்," என்றார் தபால்காரர்.

"பொறக்கும்போதே இவரு வழுக்கை," என்றாள் அவர் மனைவி. "ஆனா வெயிலு மோசந்தாம்மா."

பாதிரியார் பெருமூச்சு விட்டார். "நரகத்தைப் பத்திப் பேசுனா ஜனங்க சிரிக்கிறாங்க. நம்ம தெருவான்னு கேக்குறாங்க."

எர்த்தாவின் முகம் வீட்டுக்கு வீடு இறுகியது. அவர் வருவதற்குள் ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லிப் பழக வேண்டும் என்று நேலிதா அடுப்படியில் ஒத்திகை பார்த்தாள். "கெண்டி நல்லாருக்கு," என்று கிசுகிசுத்தாள். விடிந்தபோது கெண்டி இல்லை. ஊரைப் புகழ்ந்தால் பாலைவனம் கொண்டுபோகும். திட்டினால் தலைநகரம் மூடிவிடும். எப்படிப் பார்த்தாலும் புருஷன் போச்சு.

மறுநாள் சாயங்காலம் எர்த்தா வந்தார். நேலிதா சட்டியில் கொதிக்கவைத்த தேநீரை ஊற்றினாள்.

"நீங்களாவது சொல்லுங்க. இது இருக்கத் தகுந்த ஊருங்களா?"

நேலிதா வாயைத் திறப்பதற்குள் எலியூத்தேரியோ முந்திக்கொண்டார்.

"தண்ணி உப்பு. சோத்துல மண்ணு. காத்து அடிச்சா மனுசன் நிக்க முடியல. இவ போடுற டீ வேற."

"யோவ், சும்மா இருய்யா," என்றாள் நேலிதா.

"அப்புறம் ஏங்க இங்கயே இருக்கீங்க? வேற ஊருக்குப் போயிருக்கலாமே," என்றார் எர்த்தா.

"போனேனே. செத்துப் போனேன். ஒரு வாரம் இருந்து பாத்தேன். பச்சைப் பசேல்னு புல்லு, குளுகுளுன்னு நிழலு, தண்ணி தேனு மாதிரி. குறை சொல்ல ஒண்ணுமில்ல. அப்புறம் அவனவன்கிட்ட என்னத்தப் பேசுறது? திரும்பிட்டேன்."

எர்த்தா பேனாவை மூடினார். பிறகு நேலிதாவிடம் தாழ்ந்த குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாருமா திரும்பி வர்றாங்க?"

"பேச்சு பாக்கி இருக்கிறவங்க வருவாங்கம்மா."

தலைநகரத்தில் அவர் சொன்ன தீர்ப்பு இதுதான்: அந்த ஊரை விட்டுப் போக யாராலும் முடியாது, ரொம்ப தூரம் போனவரே திரும்பிவிட்டார், குழாயை மூடினால் செத்தவர்களும் சண்டைக்கு வருவார்கள். குழாய் திறந்தே இருந்தது. இந்த உப்புத் தண்ணீரையே இன்னும் குடிக்க வைத்தாளே பாவி என்று ஊர் முழுக்க எர்த்தாவைத் திட்டித் தீர்த்தது. அதைவிடப் பெரிய மரியாதை பொல்வொராலில் கிடையாது.

அடுத்த வருஷம் தெற்கிலிருந்து வந்த பேருந்தில் எர்த்தா இறங்கினார். கூடவே மழைக்கோட்டில் சுற்றிய ஒரு நீளமான மூட்டை. நேலிதா மூட்டையைப் பிரித்தாள். இருவருமாக எர்த்தாவின் செத்துப்போன கணவரின் காதிலிருந்த பாசியைச் சுரண்டி, தோள்பட்டையில் கவ்விகள் மாட்டி, துணிக்கொடியில் தொங்கவிட்டார்கள். மூன்றாம் நாள் மதியம் அவர் கண் திறந்தார், சூரியனைப் பார்த்தார், எர்த்தாவைப் பார்த்தார்.

"இதெல்லாம் ஒரு ஊருன்னு என்னை இங்க இழுத்துட்டு வந்தியா?"

எர்த்தா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நேலிதா உள்ளே போய் இன்னொரு நாற்காலி எடுத்து வந்தாள்.