பரீட்சைக்குத் துணை

சுந்தரபாண்டியிடம் இங்கிலீஷ் படித்த பையன்களில் பாதிப் பேராவது எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிடுவார்கள் என்று தென்காசியில் ஒரு பேர் இருந்தது. சுந்தரபாண்டிதான் இன்னும் தேறவில்லை. வருஷாவருஷம் பையன்களுடைய விண்ணப்பங்களோடு தன்னுடையதையும் சேர்த்துக் கட்டி அனுப்புவான். பரீட்சை நம்பர்கள் அடுத்தடுத்து வரும். எல்லாரும் ஒரே ஹாலில் உட்கார்ந்து எழுதுவார்கள். ரிசல்ட் வந்ததும் தேறிய பையன்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலை தேடப் போவார்கள். வாத்தியார் மறுபடியும் முதல் பாடத்திலிருந்து ஆரம்பிப்பான்.

இதில் பெற்றவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. பரீட்சை ஹாலுக்குள் தங்கள் பிள்ளைக்குத் துணையாக ஒரு பெரிய ஆள் உட்கார்ந்திருப்பது வேறு எந்த வாத்தியாரிடமும் கிடைக்காத வசதி. பையன் தேறினால், சுந்தரபாண்டி பக்கத்தில் இருந்தான் என்பார்கள். தேறாவிட்டால், நம்பர் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது என்பார்கள்.

அவன் பாடம் சொல்லிக்கொடுத்தது அப்துல் மஜீது ராவுத்தரின் ஜவுளிக்கடை மாடியில். ராவுத்தர் மகன் மசூதும் அவனிடம் படித்ததால் இடத்துக்கு வாடகை கிடையாது. கடுதாசி எழுதுவது, கட்டுரை எழுதுவது, நீளமான பத்தியைச் சுருக்குவது எல்லாம் மாடியில் நடக்கும். வாய் திறந்து பேசுகிற பாடத்துக்கு மட்டும் கார்த்திகை மழையில் தண்ணீர் கொட்டும்போது எல்லாரையும் குற்றாலத்துக்கு நடத்திக் கூட்டிப் போவான். பேரருவிக்கடியில் நிறுத்தி, படித்ததையெல்லாம் தொண்டை கிழியச் சொல்லச் சொல்லுவான். அந்த இரைச்சலில் தப்பு யார் காதிலும் விழாது, கூச்சம் போய்விடும் என்பது அவன் கணக்கு. எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றவர்கள், பித்துத் தெளிவதற்காக இத்தனை பையன்களை ஒரே நாளில் கூட்டி வந்திருக்கிறார்களே என்று பரிதாபப்பட்டார்கள்.

ஆக, இங்கிலீஷ் அவனுக்கு நன்றாகவே வந்தது. ஹாலுக்குள் போனால்தான் வினை. வினாத்தாளைப் படித்ததும் மற்றவர்கள் பேனாவை எடுப்பார்கள், இவன் கழுத்தைத் திருப்புவான். மசூது கட்டுரையை ஆரம்பித்துவிட்டானா? அடுத்த நம்பர் மாடக்கண்ணு ஏன் மோட்டுவளையைப் பார்க்கிறான்? சொல்லிக்கொடுக்க மாட்டான், அந்த மட்டில் யோக்கியன். பார்ப்பான். பார்த்துப் புருவத்தை நெரிப்பான். பெருமூச்சு விடுவான். ஒரு வருஷம் மாடக்கண்ணு மைக்கூட்டைக் கவிழ்த்துவிட, தன் மைக்கூட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். மணி அடிக்கும்போது இவன் கட்டுரை முதல் பத்தியில் நிற்கும்.

இலத்தூரில் அவன் தாய்மாமன் செல்லப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. மகள் சண்முகசுந்தரியை சுந்தரபாண்டிக்குத்தான் என்று எப்போதோ சொல்லி வைத்திருந்தார். ஆனால் பாஸ் பண்ணாத மாப்பிள்ளைக்குத் தாலுகா கச்சேரியில் வேலை யார் கொடுப்பார்கள்? தீபாவளிக்கு வந்தவனிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"ஏலே, வாசுதேவநல்லூர்லேருந்து போலீஸ்கார மாப்பிள்ளை ஒருத்தன் கேட்டு வந்திருக்கான். இந்தத் தடவை நீ தேறலேன்னா ஆவணில அவனுக்குத்தான் கொடுப்பேன். பொறவு மாமா அப்படிப் பண்ணிட்டாருன்னு மூக்கால அழக்கூடாது."

இலையைப் பாதியில் மூடிவிட்டு எழுந்தான். கிணற்றடியில் கை கழுவப் போனவனைச் சண்முகசுந்தரி பிடித்துக்கொண்டாள்.

"அத்தான், ஒண்ணு கேக்கேன். நீங்க பரீட்சை எழுதப் போறீயளா, காவலுக்குப் போறீயளா?"

"என்னட்டி இப்படிக் கேக்க?"

"பின்னே? இந்தத் தடவை திருநவேலில போய் எழுதுங்க. அங்கன உங்களுக்குத் தெரிஞ்சவன் ஒருத்தனும் இருக்க மாட்டான். போலீஸ்காரன் மீசையைப் பாத்துக்கிட்டு என்னால காலந்தள்ள முடியாது."

அவள் கண் கலங்கியிருந்தது. அந்த வருஷம் சுந்தரபாண்டி தன் விண்ணப்பத்தை மட்டும் தனியே பிரித்து, திருநெல்வேலி சென்டர் என்று எழுதி அனுப்பினான். யாரிடமும் மூச்சு விடவில்லை. துணிச்சல் அவ்வளவுதான்.

மாசியில் நம்பர்கள் வந்தபோது வாத்தியார் நம்பர் மட்டும் வரிசையில் இல்லாமல் விஷயம் வெடித்தது. இரண்டு தடவை கோட்டை விட்டிருந்த மாடக்கண்ணுவின் அம்மா பேச்சித்தாய், ஜவுளிக்கடைப் படியில் தடதடவென்று ஏறி வந்தாள்.

"நல்லாருக்குதா தம்பி இது? உன்னை நம்பித்தான எம்மவனை விட்டேன்! ஆத்துல பாதி வழி வந்து கையை விடுத மாதிரில்லா இருக்கு!"

"ஆச்சி, நான் ஹாலுக்குள்ள ஒண்ணும் சொல்லிக் கொடுக்கதில்ல."

"சொல்ல வேண்டாம். நீ இருந்தாப் போதும்லா! கோயில்ல சாமி என்ன பேசவா செய்யுது?"

சாமிக்கே ஒப்பிட்டுவிட்டாள். அவன் மாடக்கண்ணுவின் கட்டுரை நோட்டை எடுத்து மறுபடியும் திருத்த ஆரம்பித்தான். ரயில் ஏறும்போதுகூட, சொந்தப் பிள்ளைகளைச் சந்தையில் தொலைத்துவிட்டுப் போகிறவன் மாதிரிதான் இருந்தது.

திருநெல்வேலி ஹாலிலும் கழுத்து தானாகவே திரும்பியது, பழக்கதோஷம். முன்பின் தெரியாத ஒரு குண்டுப் பையன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். சுந்தரபாண்டியின் புருவம் பாதி ஏறி நின்றது. இவன் யாரு, இவன் தேறினால் எனக்கென்ன, தேறாவிட்டால் எனக்கென்ன என்று தோன்றியதும் கழுத்து பழைய இடத்துக்கு வந்துவிட்டது. எழுதினான். கட்டுரை முடிந்த பிறகும் நேரம் மிச்சம் இருந்தது. அந்த நேரம் முழுக்க, தென்காசியில் மாடக்கண்ணு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பானோ என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

சாரல் விழத் தொடங்கிய நாளில் பத்திரிகையில் நம்பர்கள் வந்தன. ராவுத்தர் கடையில் பேப்பரை விரித்து, சுந்தரபாண்டி விரலை வைத்து ஓட்டிக்கொண்டே போனான். மசூது பாஸ். மற்ற பையன்கள் பாஸ். மாடக்கண்ணு நம்பரை மூன்று தடவை பார்த்தான், பாஸ்! ஒருத்தன் பாக்கியில்லை.

"அண்ணாச்சி, உங்க நம்பரைப் பாக்கவே இல்லியே," என்று மசூது பேப்பரைப் பிடுங்கித் திருநெல்வேலிப் பத்தியில் தேடினான். "இங்கன இருக்கு! நீங்களும் பாஸ்!"

சுந்தரபாண்டிக்குக் கால் நிலைகொள்ளவில்லை. சண்முகசுந்தரியின் முகம் கண்முன் வந்து நின்றது. அப்படியே இலத்தூருக்கு ஓடியிருக்க வேண்டியவன், வாத்தியார் புத்தி விடுமா, நின்று கேட்டான்.

"அது சரி, மாடக்கண்ணு எப்படிலே தேறினான்? நான் இல்லாம?"

மசூது தரையைப் பார்த்தான்.

"கோவிச்சுக்கிடாதீய அண்ணாச்சி. நீங்க ஹால்ல திரும்பித் திரும்பிப் பாப்பீயள்லா? புருவத்தை நெரிச்சா, என்னமோ தப்பா எழுதிட்டோம்னு அவன் சரியானதையும் அடிச்சிருவான். பெருமூச்சு விட்டா பக்கத்தையே கிழிச்சிருவான். எங்க எல்லாருக்கும் அப்படித்தான். உங்ககிட்ட எப்படிச் சொல்ல?"

சுந்தரபாண்டி ஜவுளிக்கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டான். வலித்தது. இத்தனை வருஷமாக அவர்களுக்காகத்தான் தோற்றதாக ரகசியமாக ஒரு பெருமை வைத்திருந்தான். அந்தப் பெருமையும் போயிற்று. அவர்களையும் சேர்த்தல்லவா தோற்கடித்திருக்கிறான்!

அந்த நேரம் பார்த்து பேச்சித்தாய் தூக்குச்சட்டி நிறைய அதிரசத்தோடு வந்தாள். ஒன்றைப் பிட்டு அவன் வாயில் திணித்தாள்.

"நல்லாரு தம்பி! உம் படிப்புத்தான் எம்மவனைக் கரையேத்திச்சு. மாமன் வீட்டுல கலியாணம் எப்போ?"

"ஆவணில, ஆச்சி."

"நல்லதாப் போச்சு. எம்மவன் சின்னவன் அடுத்த வருசம் பரீட்சை எழுதுதான். அவனுக்கும் நீதான் இங்கிலீசு சொல்லிக் கொடுக்கணும், வேற ஆளுகிட்ட விடமாட்டேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பரீட்சை நடக்க அன்னைக்கு மட்டும், உனக்குப் புண்ணியமாப் போவும், மாமனார் வீட்டுல போயி விருந்து சாப்பிட்டுட்டு இரு. தென்காசிப் பக்கம் எட்டிப் பாத்துராத."