பை வேண்டாம் என்று யார் சொன்னது?

தேவிகா டீச்சரைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். அவளைக் குறை சொல்ல எனக்கு மட்டும்தான் உரிமை உண்டு, அதையும் நான் ஒழுங்காகப் பயன்படுத்தி வருகிறேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள், அறிவியல் டீச்சர். மாற்றலாகி வந்த நாளிலிருந்தே எதற்கெடுத்தாலும் "அந்தப் பிள்ளையக் கேட்டீங்களா டீச்சர்?" என்பாள். நான் கணக்கு டீச்சர். இரண்டும் இரண்டும் நாலா என்று வகுப்பில் ஓட்டெடுப்பா நடத்த முடியும் என்று எரிந்து விழுவேன். சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

காரைக்காலிலிருந்து நெடுங்காடு போகிற சாலையில், இரண்டு பக்கமும் வயலாக இருக்கிற இடத்தில் எங்கள் பள்ளிக்கூடம். சுனாமிக்கு அடுத்த ஜூனில் கடலோரக் குப்பத்துப் பிள்ளைகள் கொஞ்சம் பேரை எங்களிடம் அனுப்பினார்கள். அவர்கள் படித்த கட்டடம் இடிந்துபோயிருந்தது. காலையில் ஒரு பஸ் கொண்டுவந்து இறக்கும், சாயங்காலம் ஏற்றிக்கொண்டு போகும். எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் கடல் பக்கம், மீதிப் பேர் குரும்பகரம், சுரக்குடி என்று வயல் பக்கம்.

அந்த வகுப்பில் இரண்டு காவ்யாக்கள் இருந்தார்கள். வகுப்பாசிரியர் சிதம்பரநாதன் சார் ஒருத்தியைக் குரும்பகரம் காவ்யா என்றும் மற்றவளைச் சுனாமி காவ்யா என்றும் கூப்பிட்டார். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அடையாளத்துக்கு ஒரு பேர் என்றுதான் நினைத்தோம்.

அந்த வருஷம் உதவ வந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. இன்றைக்கு ஒரு சங்கம், அடுத்த வாரம் ஒரு கம்பெனி, அப்புறம் ஏதோ ஒரு ஊரின் பக்தர்கள் குழு. யார் வந்தாலும் ஒரே சடங்குதான். வகுப்புக்குள் அழைத்துப் போய், "சுனாமியில பாதிக்கப்பட்டவங்க மட்டும் எழுந்திரிங்க" என்று எங்களில் ஒருவர் சொல்வோம். பாதி வகுப்பு எழுந்து நிற்கும். டிபன் பாக்ஸ், நோட்டு, சோப்பு என்று கொடுப்பார்கள். மீதிப் பாதி உட்கார்ந்து பார்க்கும். அந்தப் பாதியிலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கும். ஆனால் வாயைத் திறந்து சொன்னதில்லை.

கொடுப்பதோடு விட்டாலும் பரவாயில்லை. நிற்கிற பிள்ளையிடம் போய், "உங்க வீட்ல யாரு போனாங்க?" என்று கேட்பார்கள். கடல் பக்கத்துக் காவ்யா முதல் தடவை "தம்பி" என்றாள். ஒரு அம்மாள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார், பக்கத்திலிருந்தவர் படம் எடுத்தார். அடுத்த தடவையும் "தம்பி" என்றாள். மறுபடியும் அதே அழுகை, அதே படம். அதற்கும் அடுத்து ஒருவர் வந்து கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு, "யாரும் போகல" என்றாள்.

"அப்ப நீ ஏம்மா நிக்கிற? உக்காரு" என்றார் அவர்.

உட்கார்ந்தாள். மறுநாள் பஸ்ஸிலிருந்து அவள் இறங்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

தேவிகா மீன் மார்க்கெட்டுக்குப் போய் அவள் அம்மா கனகத்தைப் பார்த்தாள். கனகம் மீனை அரிந்துகொண்டே பேசினாளாம்.

"நான் அனுப்பாம இல்ல டீச்சர். அவதான் போவ மாட்டேங்கிறா. தம்பிய இல்லன்னு சொல்லிட்டேம்மா, அவனைச் செத்தவன் கணக்குலகூட சேக்காம விட்டுட்டேம்மான்னு அழுதுக்கிட்டே கெடக்கா. நிக்க வைக்க மாட்டோம்னு சொல்லுங்க, அனுப்புறேன். இன்னொரு தடவ நிக்க வச்சீங்கன்னா அவ படிப்பு அதோட சரி. எங்கூட கூடை தூக்க வந்துடட்டும்."

"நிக்க வைக்க மாட்டோம்க்கா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள் தேவிகா. எனக்கு வந்ததே கோபம். வாக்குக் கொடுத்தது இவள், காப்பாற்ற வேண்டியது நாங்கள் எல்லாரும். "எங்களக் கேக்காம எப்படிம்மா குடுத்த?" என்றேன். "இனிமேதான் கேக்கப் போறேன் டீச்சர்" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் அவளைப் புதுச்சேரியில் ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் இது என் பள்ளிக்கூடம் என்று நினைக்கும்படி ஆசிரியர்கள் எப்படி நடந்துகொள்வது என்று பயிற்சி. போய்வந்தவர் மற்றவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்பது விதி. இந்தச் சொல்லும் கூட்டத்தின் லட்சணம் எங்களுக்குத் தெரியாததா! சார்ட் பேப்பரில் பச்சை ஸ்கெட்ச்சால் எழுதி ஒட்டுவார்கள், ஒருவர் வாசிப்பார், நாங்கள் மேஜைக்கடியில் பேப்பர் திருத்துவோம், போண்டா வரும், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைவோம். நானும் ஒரு கட்டு விடைத்தாளோடுதான் போய் உட்கார்ந்தேன்.

தேவிகா எதையும் ஒட்டவில்லை. நாற்காலியை இழுத்து எங்களுக்கு நடுவில் போட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "படிக்கிற காலத்துலயோ, வேலைக்கு வந்த புதுசுலயோ, உங்க பேர விட்டுட்டு வேற ஏதாவது சொல்லிக் கூப்பிட்டிருக்காங்களா?"

தலைமையாசிரியர் நவநீதன் சார் சிரித்துக்கொண்டே, தன்னை 'ஒட்டடைக்குச்சி' என்பார்கள் என்றார். எல்லாரும் சிரித்தோம். நான் என் கதையைச் சொன்னேன். என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அங்கிருந்து பென்ஷன் வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். கணக்கில் நான் ஒரு தப்புப் போட்டால் போதும், "சொல்தா வீட்டுப் பொண்ணுக்குக் கணக்கு எதுக்கு, காசு கப்பல்ல வருதே" என்பார் எங்கள் வாத்தியார். அந்த ரோஷத்தில்தான் கணக்கு டீச்சரானேன் என்றேன். அதற்கும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஆள் மேல் கோபம் அப்படியே இருந்தது.

அப்புறம் சிதம்பரநாதன் சார் பேசினார். வழக்கமாக அவர் குரல் மைதானம் வரைக்கும் கேட்கும். அன்றைக்கு நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது.

"எங்கப்பா வாத்தியாரா இருந்தப்பவே செத்துட்டாரு. அதுக்காக எனக்கு வேல குடுத்தாங்க. மொதல்ல போன ஸ்கூல்ல யாரு வந்தாலும் என்னையக் காட்டி, 'இவரு கருணையில வந்தவரு'ம்பாங்க. நல்லா நடத்துனா, 'கருணையில வந்தாலும் பரவால்லியே'ம்பாங்க. தப்பா நடத்துனா, 'கருணையில வந்ததுதான'ம்பாங்க. பேரச் சொல்லிக் கூப்பிட ஒருத்தர் இல்ல. கடைசில எங்கப்பா நெனப்பு வந்தாலே வெக்கமாப் போச்சு. செத்துப்போன மனுசன் மேல கோவம் வந்துச்சுங்க."

சுனாமி காவ்யா என்ற பேரை வைத்ததே அவர்தான். இதுதான் சமயம் என்று நானாக இருந்தால் பிடித்திருப்பேன், பார்த்தீர்களா சார் என்று ஒரு குத்தாவது குத்தியிருப்பேன். தேவிகா அதைச் செய்யவில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் வரைக்கும் காத்திருந்தாள். அப்புறம் கனகம் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை கூட்டாமல் சொன்னாள். அந்த ஒரு காரியத்துக்காகவே அவளை எத்தனை மெச்சினாலும் தகும்.

"இதுல தீர்மானம்னு என்ன எழுதிக்கிறது?" என்று கேட்டார் தலைமையாசிரியர், அவர் கவலை அவருக்கு.

"எழுத வேணாம் சார். இனி யாரையும் நிக்க வைக்காம இருந்தாப் போதும்."

"என் வகுப்புல நிக்க வைக்க மாட்டேன்" என்று முதலில் சொன்னவர் சிதம்பரநாதன் சார்தான். போண்டா ஆறிப்போயிருந்தது. என் விடைத்தாள் கட்டு பிரிக்காமலே கிடந்தது.

காவ்யா திரும்பி வந்தாள். இரண்டு பேரையும் எப்படிக் கூப்பிடுவது என்று சார் அவர்களிடமே கேட்டார். அவர்கள் கூடிப்பேசி, அப்பா பேரின் முதலெழுத்தைச் சேர்த்துக் கூப்பிடச் சொன்னார்கள். இவ்வளவு லேசான காரியம் எங்கள் யார் மூளைக்கும் எட்டவில்லை பாருங்கள்.

இரண்டு வாரம் போயிருக்கும். புத்தகப் பைகளை ஏற்றிக்கொண்டு ஒரு டெம்போ வந்தது, முன்னால் ஒரு பேனர். கூட வந்த பெரியவர் நல்ல மனுஷர்தான், முகத்திலேயே தெரிந்தது. எட்டாம் வகுப்புக்குள் நுழைந்ததும், "சுனாமிப் பிள்ளைங்க மட்டும் எழுந்து நில்லுங்கம்மா" என்றார். நானும் தேவிகாவும் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். காவ்யா இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

சிதம்பரநாதன் சார் எழுந்தார். "அப்படி யாரும் இந்த வகுப்புல இல்லீங்க. எல்லாம் எங்க பிள்ளைங்க. நீங்க பையக் கொண்டு போங்க."

பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. தலைமையாசிரியர் பின்னாலேயே ஓடிச் சமாதானம் செய்து பார்த்தார். டெம்போ போய்விட்டது. சந்தோஷத்தில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஓய்வறையில் சாருக்குக் கைகொடுத்தோம், நான் என் கைக்காசில் எல்லாருக்கும் டீ சொன்னேன். டீ வருவதற்குள் காவ்யா வாசலில் வந்து நின்றாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"சார், பை எங்க சார்?"

"திருப்பி அனுப்பிட்டேன்மா. நீங்க யாரும் நிக்க வேணாம்" என்றார் சார் பெருமையாக.

"நிக்க வைக்காதீங்கன்னுதான் எங்கம்மா சொன்னாங்க. பை வேணாம்னு யாரு சொன்னா? மழைல பொஸ்தகமெல்லாம் நனையுது சார். எங்களக் கேட்டீங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவளுக்காக ஒரு மனுஷன் இத்தனை செய்திருக்கிறார், இவள் பேசுகிற பேச்சைப் பார் என்று வாயைத் திறந்தேன். தேவிகா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"கேக்கல காவ்யா" என்றாள். "கேட்டிருக்கணும். நானும் கேக்கல."

பிள்ளையைக் கேட்டீர்களா என்று எங்களை நச்சரிக்கிறவளே கேட்க மறந்திருக்கிறாள். அதை எங்கள் எல்லார் முன்னாலும், ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒப்புக்கொள்கிறாள். என்னைக் கொன்றாலும் என்னால் அது முடியாது. சிதம்பரநாதன் சார் தன் டிவிஎஸ் ஃபிஃப்டியின் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பெரியவரை எங்கே போய்த் தேடுவது என்ற கவலையே இல்லை. காரைக்கால் வரைக்கும் வந்தவர்கள் சனீஸ்வரனைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டார்கள். தேவிகாவின் ஸ்கூட்டியில் நானும் தொற்றிக்கொண்டேன். திருநள்ளாற்றில், நளதீர்த்தக் கரையில், தலையில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தார் பெரியவர். அவருக்கு முன்னால் சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"காலையில வேணாம்னீங்களே?"

"பிள்ளைங்களுக்கு வந்தத வேணாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்லீங்க. அவங்களக் கேக்காம சொல்லிட்டேன். பை வேணும். ஆனா அவங்கள நிக்க வைக்க முடியாது."

பெரியவர் யோசித்தார். "படம் இல்லாம நான் எப்படிங்க? காசு குடுத்தவங்களுக்கு எதையாவது காட்டணுமே." அவர் கேட்டதும் நியாயம்தான்.

"என்னைய எடுத்துக்குங்க" என்றார் சார்.

டெம்போவில் கட்டியிருந்த பேனருக்கு முன்னால், சுனாமியால் பாதிக்கப்பட்டோருக்கு உதவி என்ற எழுத்துக்குக் கீழே, சின்னப் பிள்ளையின் பை ஒன்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். குளித்துவிட்டு ஈரத்தோடு போன கூட்டம் நின்று பார்த்தது. எங்கள் பள்ளியில் பெண்ணைப் படிக்க வைக்கிற பூக்காரர் ஒருவர், "என்ன சார், உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டார்.

"ஆமாங்க, எனக்குத்தான்" என்றார் சார். கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நான் அழுதுவிட்டேன். சொல்வதற்கு வெட்கமில்லை, நடுத்தெருவில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பெரியவருக்கு என்ன தோன்றியதோ, ஒரே ஒரு படத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டு, அவரே டெம்போவில் ஏறிப் பைகளை எடுத்துக் கீழே கொடுக்க ஆரம்பித்தார்.

கடைசிப் பாடவேளையில் பைகளையெல்லாம் வகுப்பில் குவித்தோம். பாதிப் பேருக்குத்தான் வரும். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிற ஆசை எங்கள் எல்லாருக்கும் இருந்தது, எனக்கு ரொம்பவே இருந்தது. சார் கேட்டார், "எப்படிக் குடுக்கலாம்? நீங்களே சொல்லுங்க."

காவ்யா தன் பக்கத்தில் இருந்த இன்னொரு காவ்யாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் பின்பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்கல்லாம் கொஞ்சம் வெளிய இருங்க சார். நாங்க பாத்துக்கிறோம்."

எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே ஒரே இரைச்சல். சண்டை வரும், மண்டை உடையும் என்று நான் தவித்தேன், ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கக்கூடத் தேவிகா என்னை விடவில்லை. ஒருவழியாகக் கதவு திறந்தது.

காவ்யா முதுகில் பை இருந்தது. "பை கிழிஞ்சவங்களுக்கும் இல்லாதவங்களுக்கும் மொதல்ல குடுத்துட்டோம் சார். எங்கிட்ட இல்ல, அதனால நானும் ஒண்ணு எடுத்துக்கிட்டேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் குரும்பகரத்துப் பிள்ளைகளும் குப்பத்துப் பிள்ளைகளும் கலந்து வந்தார்கள். யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கணக்கு டீச்சரான என்னால்கூடப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பஸ் ஹாரன் அடித்தது. ஓடப் போனவளைத் தேவிகா நிறுத்தினாள். கனகத்துக்குக் கொடுத்த வாக்கு அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

"காவ்யா, நாளைக்கு வருவியா?"

காவ்யாவுக்குக் கேள்வியே புரியவில்லை. தேவிகாவையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் டீச்சர், நாளைக்கு லீவா?"

சிதம்பரநாதன் சார்தான் பதில் சொன்னார். "லீவெல்லாம் இல்லம்மா. ஓடு, பஸ்ஸு போயிடும்."