நீலம் பூசிய தொட்டி

தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த திலகவதியின் விரலில், வெல்டு ஓடிய கோட்டின் மேல், பெயிண்ட் கொப்புளம் ஒன்று தட்டுப்பட்டது. கடுகளவுதான். நகத்தால் அழுத்தினாள். மெத்தென்று அமுங்கியது.

அந்தக் காற்றழுத்தத் தொட்டிக்குள் தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அப்போதுதான் சோதித்து முடித்திருந்தார்கள். கேஜ் முள் கொஞ்சம்கூட இறங்கவில்லை. கௌரிசங்கர் அதைப் படமெடுத்து வகுப்பு குரூப்பில் போட்டு வாழ்த்துகளை வாங்கிக்கொண்டிருந்தான். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் கணக்கும் வரைபடமும் அவன் பொறுப்பு, வெல்டிங் அவள் பொறுப்பு. பொண்ணு வெல்டு, ஒழுகாம இருந்தா சரி என்று பட்டறையில் சிரித்தவர்கள் உண்டு. அதற்காகவே பழைய இரும்புத் துண்டுகளில் மாதக்கணக்காகப் பழகி, அந்த நீளக் கோட்டை ஒரே சீராக இழுத்திருந்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இது பார்ப்பவர்களுக்கும் பொன்குஞ்சாகத்தான் இருந்தது.

பெயிண்டில்தான் தப்பு நடந்துவிட்டது. தேவனாம்பட்டினத்தில் படகு வைத்திருக்கும் பழனிவேலின் மகள் அவள். அவர்கள் பக்கத்தில் பெயிண்ட் படாத எதுவும் தண்ணீரைத் தொடாது. புதுப் படகு என்றால் முதலில் பூச்சு, பிறகு பூசை, அப்புறம்தான் கடல். தண்ணீர்ச் சோதனை என்றதுமே அப்பாவிடம் மிச்சமிருந்த படகு நீலத்தை எடுத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறிச் சிதம்பரம் வந்து, இரண்டு பூச்சு பூசிவிட்டாள். சிதம்பரம் கோயிலை ஒட்டிய கீழ வீதிக்காரன் கௌரிசங்கர் தன் பங்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்தான். ஓட்டை இருந்தால் பெயிண்ட் அதன் வாயைப் பொத்திவிடும் என்று இரண்டு புத்திசாலிகளுக்கும் தோன்றவில்லை.

"கௌரி, இந்தக் கொப்புளத்துக்குள்ள தண்ணி நிக்கிது பாரு."

அவன் குனிந்து பார்த்தான். "பெயிண்ட் சரியா காஞ்சிருக்காது. முள்ளு எறங்கலயே?"

"பெயிண்ட்தான் தண்ணியப் புடிச்சிருக்கு. அதான் எறங்கல."

"நாளைக்கி எக்ஸாமினர் பாக்கற வரைக்கும் புடிக்கும் இல்ல? இப்ப சுரண்டி, ஒழுவுச்சின்னா ஒன் வெல்டுதான் போச்சும்பானுங்க. அவனுங்க வாயில நீயே போயி வுழுவியா?"

அவன் சொன்னதில் பொய்யில்லை. நாளை முள் நின்றுவிட்டால் அத்தனை வாயும் மூடும். அந்த ஆசை அவளுக்கு நிறையவே இருந்தது. ஆனால் தேர்வு முடிந்ததும் தொட்டி லேபுக்குப் போகும். அங்கே தண்ணீரை அல்ல, காற்றை அடைப்பார்கள். தண்ணீர் ஒழுகினால் தரை நனைவதோடு சரி. அடைத்த காற்று பிய்த்துக்கொண்டு வந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் பாடு?

"அடுத்த வருஷம் இதுகிட்ட யாரு பெத்த புள்ளைங்க நிக்கப்போறாங்களோ. நான் சுரண்டறேன்டா."

அவன் கம்பி பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தான். நீலம் உதிர உதிர, இரும்பு வெள்ளையாக வெளியே வந்தது. அவன் மறுபடி பம்பை அடித்தான். முள் ஏறி நின்றது. வெல்டின் மேல் ஒரு துளி தெரிந்தது.

"கைத்தண்ணியா இருக்கும், தொடச்சிட்டுப் பாரு" என்றான். குரலில் கெஞ்சல் இருந்தது.

துப்பட்டா முனையால் ஒற்றினாள். ஒற்றிய இடம் காய்ந்துவிட்டது. இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். அதே இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஏதோ மினுங்கியது, பருத்தது, வழிந்தது.

திலகவதி சாக்பீஸை எடுத்தாள். தான் போட்டதிலேயே அழகான வெல்டின் மேல், வெட்டியெடுத்து மறுபடி பற்றவைக்க வேண்டிய அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். ஈரத்தில் வழுக்கியது. அழுத்தி இன்னொரு முறை போட்டாள்.