நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துப் பிழை

அச்சகத்தில் அவளுக்குப் பெயர் பிழையம்மா. வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். பதினைந்து வருடமாக ஓர் ஒற்றெழுத்தைக்கூடத் தப்பவிடாமல் மெய்ப்புப் பார்த்ததில் கேலி மரியாதையாகிவிட்டது. காலையில் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறக்கும் முன், "கடவுளே, என் கண்ணுக்குத் துணையா இரு" என்று முணுமுணுப்பாள். அதற்கு மேல் அவள் கடவுளைத் தொந்தரவு செய்ததில்லை.

கழித்துப் போட்ட அச்சுத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோவாள். மகள் உட்கார்ந்து படிப்பாள். பத்து வயதில் ஒருநாள், ஏதோ ஒரு சாகசக் கதையை முடித்துவிட்டு மகள் கேட்டாள்:

"ஏம்மா, எல்லாக் கதையிலயும் பொண்ணுங்களைக் கட்டியே போடுறாங்க? கயிறு அவ்வளவு மலிவா?"

சிரித்துவிட்டுத்தான் பிழையம்மா எழுதத் தொடங்கினாள். உலை கொதிக்கும் நேரம், துணி காயும் நேரம் என்று இரண்டு வருடம் எழுதினாள். அப்பாவின் படகில் சுக்கான் பிடித்து, கடல் கொள்ளையரைத் துரத்திப் போகிற பெண். ஊரே அவளைச் சுக்கானி என்று கூப்பிட்டது. கதையில் கயிறு வந்தது. ஆனால் கட்டியது சுக்கானி, கட்டுப்பட்டது கொள்ளையர்.

"அச்சுல வந்தாலும் அவ இப்படியேதானே இருப்பா?" என்றாள் மகள்.

"இப்படியேதான்டி. உன் மேல சத்தியம்."

அவள் கொடுத்த கையெழுத்துப் பிரதியை அச்சக முதலாளி ஒரே மூச்சில் படித்துவிட்டுக் கூப்பிட்டனுப்பினார்.

"கதை பிரமாதம்மா. ஆனா இந்த மாதிரி புத்தகத்தைப் பையனுங்கதான் வாங்குவானுங்க. பொண்ணு புயல்ல படகு ஓட்டினா எவன் நம்புவான்? சுக்கானியைப் பையனாக்கிடுங்க. பாருங்க, பேரைக்கூட மாத்த வேணாம். வசதியாப் போச்சு."

"முடியாதுன்னா?"

"முடியாதுன்னா, என் மேசை டிராயர்ல பத்திரமா இருக்கும்."

மூன்று நாள் யோசித்தாள். டிராயருக்குள் மூச்சடைத்துக் கிடப்பதைவிட வேடம் போட்டாவது வெளியே வரட்டும் என்று தோன்றியது. தலையாட்டினாள். நல்லவர்கள் பெரிய பொய்க்குத் தலையாட்டுவதில்லை. இப்படித்தான், ஓரெழுத்துப் பொய்க்கு ஆட்டுகிறார்கள்.

கணினியில் எழுத்துக் கோக்கும் டைப்செட்டருக்கு அது இரண்டு நொடி வேலை. 'அவள்' எல்லாம் 'அவன்'. 'ாள்' வந்த இடமெல்லாம் 'ான்'. கணினி சொன்னதைச் செய்தது; அதற்கு மேலும் செய்தது. மெய்ப்பு மேசைக்கு வந்தபோது சுக்கானி 'வான் உருவிக்கொண்டு' பாய்ந்திருந்தான். நடுக்கடலில் 'மூன்று நான் பட்டினி' கிடந்திருந்தான்.

"வாள் போய் வான் ஆயிடுச்சுக்கா!" டைப்செட்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க பையன் வானத்தையே உருவிட்டான்!"

"என் பையன் இல்ல தம்பி. பொண்ணு."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "தெரியும்க்கா," என்றார்.

கணினி கெடுத்ததைக் கையால் திருத்தும் வேலை பிழையம்மாவுக்கே வந்தது. பக்கம் பக்கமாகச் சிவப்புப் பேனா ஓடியது. வாளுக்கு அதன் 'ள்' திரும்பியது. நாளுக்குத் திரும்பியது. அவளுக்கு மட்டும் திரும்பவில்லை.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்தான் கடைசி. 'புயல் ஓய்ந்தது. மேல்தளத்தில் சுக்கானி மட்டும் நின்றான்.' பேனா அங்கே நின்றது. 'ன்'னை அடித்து ஓரத்தில் 'ள்' என்று எழுதினாள்.

டைப்செட்டர் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"ஒண்ணுதானேக்கா?"

"ஒண்ணே ஒண்ணு."

விசையைத் தட்டினார். கடவுள் அவருக்கு நல்ல கண்ணைக் கொடுக்கட்டும்.

புத்தகம் வந்ததும் மகள் படித்தாள். முடித்துவிட்டு, "சத்தியம் பண்ணினியே," என்றாள்.

பிழையம்மா கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கடைசிச் சொல்லின் மேல் விரலை வைத்தாள். மகள் குனிந்து பார்த்தாள்.

"ஒளிஞ்சிருக்காளா?"

"ஆமா."

அம்மாவின் மெய்ப்புக் குறிகள் எல்லாம் மகளுக்கு அத்துப்படி. பென்சிலை எடுத்து அந்தச் சொல்லுக்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைத்தாள். திருத்தாதே, இருப்பது இருக்கட்டும் என்று அதற்குப் பொருள்.

இரண்டு மாதத்தில் பதினொரு கடிதம் வந்தது. பதினொன்றிலும் பாராட்டு, பதினொன்றிலும் கடைசியில் ஒரே குறை. முதலாளி கடிதங்களை மேசையில் பரப்பினார்.

"ஊரார் புத்தகத்துல ஒரு புள்ளி தப்பாது. சொந்தப் புத்தகத்துல, அதுவும் கடைசிச் சொல்லுல கோட்டை விட்டிருக்கீங்களேம்மா!"

"அது வந்துங்க..."

"ம், சொல்லுங்க."

அது பிழையில்லை என்று சொல்ல வாய் திறந்தாள். பதினைந்து வருடத்துப் பெயர் குறுக்கே வந்தது. வேண்டுமென்றே செய்தாள் என்று தெரிந்தால் நாளைக்கு யார் இவளை நம்பித் தாளைக் கொடுப்பார்கள்?

"கண்ணு... கொஞ்ச நாளா மங்கலா இருக்குங்க," என்றாள்.

தினமும் எந்தக் கண்ணுக்குத் துணை கேட்டாளோ, அந்தக் கண்ணின் மேலேயே பழியைப் போட்டாள்.

"முதல்லயே சொல்லக் கூடாதா? நாளைக்கே டாக்டரைப் பாருங்க, நான் சொல்லி வைக்கிறேன்," என்றார் முதலாளி, உண்மையான பரிவோடு. "மீதிப் பிரதிக்கெல்லாம் பிழைதிருத்தச் சீட்டு ஒட்டிடலாம். நீங்களே எழுதிடுங்க."

எழுதினாள். 'பக்கம் 112, கடைசி வரி: நின்றாள் என்பதை நின்றான் என்று திருத்தி வாசிக்கவும்.' பழக்க தோஷம், இரண்டு முறை சரிபார்த்தாள்.

சீட்டு ஒட்ட வேண்டிய பைண்டிங் அக்காவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். சீட்டுக் கட்டை வாங்கிக்கொண்டு, "என்னடி எழுதியிருக்கு?" என்றாள். பிழையம்மா படித்துச் சொன்னாள். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

"நிசமா நின்னது யாரு?"

"பொண்ணுதான்க்கா."

அக்கா பசைச் சட்டியில் அரைச் செம்புத் தண்ணீரை ஊற்றிக் கலக்கினாள். "காயுற வரைக்கும் ஒட்டும். திறந்தா விழுந்துடும். நீ போ, போய் வேலையைப் பாரு."

அந்த அரைச் செம்புத் தண்ணீருக்காக அன்றைக்கு முழுவதும் பிழையம்மா கடவுளுக்கு நன்றி சொன்னாள். தனக்காக எதுவும் கேட்க வாய் வரவில்லை.

சாயங்காலம் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போனாள். மகள் நேராகக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். அக்கா சொன்னபடியே சீட்டு கழன்று தரையில் விழுந்தது. மகள் அதை எடுத்துப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"யாரும்மா எழுதினது?"

"நான்தான்."

மகள் அம்மா சொல்லிக் கொடுத்தபடி எழுத்தெழுத்தாக விரல் வைத்துக் கடைசிவரை பார்த்தாள். பிறகு சீட்டை அம்மாவிடம் நீட்டினாள்.

"ஒரு பிழைகூட இல்லம்மா."