மனைவியை விடுவிக்கக் கோரும் மனு

பரிமளா வேலை பார்த்தது புதுக்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில். எந்தத் துறை என்று சொன்னால் அந்தத் துறைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே ஏதோ ஒரு துறை என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவள் கண்காணிப்பாளர். பொதுமக்கள் கொடுக்கும் மனுக்களுக்குப் பதில் எழுதுவது அவளுடைய பிரிவு. அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள மாவட்டத்தில் ஆள் கிடையாது. அவள் எழுதிய பதிலை வாசித்தவருக்கு, கேட்டது கிடைக்கும் என்றும் தோன்றாது, கிடைக்காது என்றும் தோன்றாது. அடுத்து யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்றும் தெரியாது. புதிதாக வரும் அதிகாரிகள் அவளுடைய பழைய கோப்புகளை வாங்கிப் படித்துத்தான் தொழில் கற்றுக்கொண்டார்கள்.

அவள் கணவர் முத்துராமனுக்கு வல்லத்திராக்கோட்டை. கல்யாணமான வருஷமே சவூதிக்குப் போனவர், ஏசி மெக்கானிக்காக. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாதம் லீவு. முப்பது வருஷம் இப்படியே ஓடியது. சேர்ந்திருந்த நாளையெல்லாம் கூட்டினால் மூன்று வருஷம் தேறாது. அதற்குள் விக்ரம் என்று ஒரு பையனைப் பெற்று, வளர்த்து, படிக்கவைத்து, பெங்களூருக்கு அனுப்பியும் ஆகிவிட்டது.

இருவருக்கும் ஒரு ஒப்பந்தம் இருந்தது. அவளுக்கு ஐம்பத்தெட்டு முடிந்து ஓய்வு பெறும் மாதத்தையொட்டி அவரும் ஊர் திரும்பிவிடுவது. அதன்படி 2020 மாசி மாதத்தில் அவர் வல்லத்திராக்கோட்டை வீட்டில் இரண்டு அட்டைப்பெட்டியுடன் வந்து இறங்கினார். பரிமளாவுக்கு மே மாதக் கடைசியில் ஓய்வு. ஆக வேண்டியதெல்லாம் ஆகிவிட்டது, இனி வாழ வேண்டியதுதான் பாக்கி என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள்.

அந்த வாழ்வதில்தான் சிக்கல் வந்தது. அவர் ஹாலில் உட்கார்ந்தால் அவள் அடுப்படியில் நிற்பாள். அவள் ஹாலுக்கு வந்தால் அவர் எழுந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போவார்.

"சாப்டீங்களா?"

"சாப்டேன். நீ?"

"ம்."

அன்றைய பேச்சு அதோடு சரி. சில நாள் அவர் மேலே பார்த்து, "ஃபேன்ல பேரிங் போயிருச்சு" என்பார். அவளும் மேலே பார்ப்பாள். இத்தனைக்கும் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. அவர் சவூதியில் இருந்தபோது போனில் பேசாத பேச்சா? அவள் அம்மா படுக்கையில் கிடந்தது, அலுவலகத்தில் எவள் கோள் சொன்னாள் என்பது, விக்ரம் காதலிக்கிறான் என்பது, எல்லாமே முதலில் அவருக்குத்தான் தெரியும். அந்த மனுஷர் இப்போது எதிரே பனியனோடு உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

ஊரடங்கு வந்தது. ஒரு வாரம் அலுவலகம், ஒரு வாரம் வீடு என்று முறை போட்டார்கள். அவளுடைய அலுவலக வாரத்தின் முதல் நாள், மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது போன் அடித்தது. முத்துராமன்தான். தோட்டத்து முருங்கை மரத்தில் ஏறிய பக்கத்து வீட்டுக்காரர் இறங்கத் தெரியாமல் நின்ற கதையைச் சொன்னார். அவள் சிரித்தாள். மீமிசலில் இருந்து மீன் கொண்டுவருகிறவன் போலீசைப் பார்த்து வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடியதைச் சொன்னார். அவளுக்குப் புரை ஏறியது. பக்கத்து இருக்கை சரண்யா எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கா போன்ல, இந்தச் சிரிப்புச் சிரிக்கிறீங்க?"

"எங்க வீட்டுக்காரரு."

சரண்யா நம்பவில்லை. அவள் சின்னப் பெண், கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

அதிலிருந்து தினமும் மத்தியானம் போன் வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பழையபடி ஃபேன் பேரிங். இப்படி இருக்கும்போதுதான் மே மாதம் முதல் வாரத்தில் டிவியில் செய்தி ஓடியது: அரசு ஊழியர்களின் ஓய்வு வயது ஐம்பத்தொன்பதாக உயர்வு. பரிமளாவுக்கு உடம்பு லேசானது. வெட்கமாகவும் இருந்தது.

"அப்ப நீ இந்த மாசம் நிக்கலையா?" என்று கேட்டார் முத்துராமன்.

"அரசாணை போட்டுட்டாங்கங்க. நாம என்ன பண்ண முடியும்?"

கவனியுங்கள், இது பொய் இல்லை. ஆனால் வேண்டாம் என்று நினைக்கிற ஊழியர் மூன்று மாதம் முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டு விருப்ப ஓய்வில் போகலாம். அவளுக்கு அந்த விதி நம்பரோடு தெரியும். அதை அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இருபது முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் எழுதின பதிலை வீட்டிலும் ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான்.

முத்துராமனும் சந்தேகப்படவில்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தில், வேலைக்கு எடுத்தவர் கஃபீல். பாஸ்போர்ட் அவரிடம் இருக்கும். அவர் ரிலீஸ் கொடுத்தால்தான் ஆள் ஊருக்குப் போகலாம். இன்னும் ஒரு வருஷம் இரு என்றால் இருக்க வேண்டியதுதான். அரசாங்கம் பரிமளாவின் கஃபீல் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். "நல்ல கஃபீலா இருந்தாலும் கடைசி நேரத்துலதான் கழுத்தறுப்பான்" என்று ஆறுதலும் சொன்னார்.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் அறுபது ஆக்கினார்கள். "அரசாணைங்க" என்றாள். அவர் தலையாட்டினார். அந்த வருஷக் கடைசியில் அறுபத்திரண்டு ஆக்கப்போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் எவனோ கிளப்பிவிட்டான். அது புரளி என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"அறுவத்திரண்டாமுல்ல?"

"உத்தரவு இன்னும் கைக்கு வரலைங்க."

இதுவும் பொய் இல்லை. ஆனால் முத்துராமன் அன்றைக்குத் தலையாட்டவில்லை. திங்கட்கிழமை காலையில் மோட்டாருக்குச் சாமான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினார்.

சாமான் எதுவும் வரவில்லை. பத்து நாள் கழித்து, கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாளில் வந்த மனுக்கள் என்று ஒரு கட்டு பரிமளாவின் அலுவலகத்துக்கு வந்தது. துறை துறையாகப் பிரித்து, அனுப்பி, கடைசியில் யார் பதில் சொல்ல வேண்டுமோ அவர் மேசையில் வந்து விழுவது வழக்கம். சரண்யா ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள்.

"அக்கா, இது கொஞ்சம் புதுசா இருக்கு. எந்தத் தலைப்புல சேக்குறதுன்னு தெரியல."

கையெழுத்தைப் பார்த்ததுமே பரிமளாவுக்குத் தெரிந்துவிட்டது. அட்டைப்பெட்டிகளின் மேல் மார்க்கரில் பெயர் எழுதும் கையெழுத்து.

"ஐயா, என் மனைவி தங்கள் துறையில் முப்பத்து நான்கு வருடமாக வேலை செய்கிறார். ஐம்பத்தெட்டில் விடுவதாகச் சொல்லி, பிறகு ஐம்பத்தொன்பது என்றீர்கள், பிறகு அறுபது என்றீர்கள். இப்போது அறுபத்திரண்டு என்று கேள்விப்படுகிறேன். அவர் நல்ல ஊழியர் என்பதால் விட மனமில்லாமல் இருக்கலாம், அது புரிகிறது. ஆனால் நானும் அவருக்காகத்தான் வேலையை விட்டுவிட்டு வந்தேன். எனவே அவரை விடுவித்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால் அதையாவது சொல்லிவிடவும். என் பழைய கம்பெனியில் கூப்பிடுகிறார்கள், நான் திரும்பப் போய்விடுகிறேன்."

பரிமளா அதை இரண்டு தரம் வாசித்தாள். அவர் திரும்பப் போகிறார் என்ற வரியை மட்டும் மூன்றாந்தரமும் வாசித்தாள். இந்த வயதில் போனால் எப்படித் திரும்பி வருவார் என்று யார் கண்டது. அவர் போகவும் கூடாது. அவர் எதிரே வாயடைத்து நிற்கவும் அவளால் ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் ஒன்றரை வருஷமாக அரசாங்கத்தை நிறுத்தி வைத்திருந்தாள்.

பழகிய கை தன் பாட்டுக்கு ஓடியது. "மனுதாரரின் கோரிக்கை விதிகளுக்குட்பட்டு உரிய நேரத்தில் பரிசீலிக்கப்படும்" என்று எழுதி அதிகாரிக்கு அனுப்பினாள். கோப்பு திரும்பி வந்தது.

"இப்படியெல்லாம் இனிமே எழுதக் கூடாதாம்மா" என்றார் அதிகாரி. "மனுதாரருக்குப் புரியுற மாதிரி, நேரடியா, சின்ன வாக்கியமா எழுதணும்னு மேலேருந்து சுற்றறிக்கை வந்திருக்கு. இந்த ஆளு கேட்டதுக்கு ஆமா இல்லைன்னு சொல்லுங்க. ஆமா, யாரு இந்த முத்துராமன்?"

"தெரிஞ்சவருதான் சார்."

அதிகாரிக்கு மேற்கொண்டு தெரிந்துகொள்ள விருப்பமில்லை. தெரிந்தால் அவர் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

அன்று முழுக்க அவள் அந்த ஒரு கடிதத்தை எழுதினாள். இதைப் படித்தால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். பொய்யாக எழுத வழியில்லை, புரியாமல் எழுதவும் இனி வழியில்லை. சாயங்காலம் வந்தது இவ்வளவுதான்:

"ஓய்வு வயது தற்போது அறுபது. அறுபத்திரண்டு என்று எந்த உத்தரவும் இல்லை. ஊழியர் விரும்பினால் மூன்று மாத அறிவிப்புக் கொடுத்து அதற்கு முன்பே ஓய்வு பெறலாம். யாரும் தடுப்பதில்லை. தங்கள் மனைவியிடமிருந்து இதுவரை அப்படி ஒரு விண்ணப்பம் வரவில்லை."

மேலே அதிகாரி கையெழுத்து. கீழே "ஆணைப்படி" என்று போட்டுக் கண்காணிப்பாளர் கையெழுத்திட வேண்டும். பரிமளா கையெழுத்திட்டாள்.

தபால் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்திருக்கும். அன்று மத்தியானமும் போன் வந்தது. முத்துராமன் ஆலங்குடிச் சந்தையில் தேங்காய் விலை இறங்கிவிட்டது என்றார். முருங்கையில் கம்பளிப்பூச்சி என்றார். கடிதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. வீட்டுக்குப் போனால் "சாப்டேன். நீ?" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அந்த வாரம் முழுவதும் அவள் சரியாகத் தூங்கவில்லை. அவர் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டால் பாஸ்போர்ட் எடுக்கிறாரோ என்று எழுந்து போய்ப் பார்த்தாள். அவர் லுங்கி எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் மோட்டாருக்குச் சாமான் வாங்கப் போனார்.

இந்தத் தடவை கட்டு வந்ததும் சரண்யா தேடவே இல்லை. அதே கையெழுத்தில் அடுத்த மனு மேலேயே இருந்தது.

"ஐயா, சென்ற மனுவுக்கு வந்த பதில் தெளிவாக இருந்தது, நன்றி. என் மனைவி எப்போது வேண்டுமானாலும் வரலாம், வரத்தான் விரும்பவில்லை என்று தெரிந்துகொண்டேன். எனவே அவரை விடுவிக்க வேண்டாம். கம்பெனிக்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் வருகிற மே மாதம் அவருக்கு அறுபது முடிகிறது, எப்படியும் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் வீட்டில் இருக்கும்போது என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. போனில் வருகிறது, முகத்தைப் பார்த்தால் மறந்துவிடுகிறது. அவருக்கும் அப்படித்தானோ என்னவோ. இதற்கு அரசிடம் ஏதாவது திட்டம் இருந்தால் தெரிவிக்கவும்."

பரிமளா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, மறுபடி கழற்றினாள்.

"என்னக்கா, எந்தத் தலைப்பு?" என்றாள் சரண்யா.

"நேரடி விசாரணை."

கடிதத்தில் தீர்க்க முடியாத மனுக்களுக்கு அப்படி ஒரு முறை உண்டு. அலுவலர் மனுதாரரின் இடத்துக்கே போய், அவரை உட்காரவைத்து, கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். பரிமளா அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். மனுவையும் ஒரு பேனாவையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, மத்தியான பஸ்ஸில் வல்லத்திராக்கோட்டை வந்து இறங்கினாள்.

வாசலில் முத்துராமன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த நேரத்தில் அவளைக் கண்டதும் திகைத்துப்போனார்.

"என்ன, ஒடம்புக்கு முடியலையா?"

"உள்ள வாங்க. ஒரு மனு சம்பந்தமா விசாரிக்கணும்."

இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டாள். அவர் உட்கார்ந்தார். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போக எழப்போனவரை, "ஒக்காருங்க" என்று உட்காரவைத்தாள்.

"பேரு?"

"முத்துராமன்."

"தகப்பனார் பேரு?"

"ஒனக்குத் தெரியாதா?"

"கேட்டாச் சொல்லணும்."

சொன்னார். தொழில் என்ன என்று கேட்டாள். கொஞ்சம் யோசித்து, "வீட்லதான்" என்றார். மனு யாரிடம் போகும் என்று தெரிந்து கொடுத்தீர்களா என்று கேட்டாள்.

"மொதத் தடவ தெரியாது. பதில் கடுதாசியில ஒன் கையெழுத்தப் பாத்தேன். ரெண்டாந் தடவ தெரிஞ்சுதான் குடுத்தேன்."

"வீட்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"அதான் முடியலன்னு எழுதியிருக்கனே."

பேனா எழுதாமல் நின்றது. அடுத்து என்ன கேட்பது என்று விசாரணை அலுவலருக்குத் தெரியவில்லை. முத்துராமன் இரண்டு கைகளையும் முட்டிமேல் வைத்துக்கொண்டு, முதல் தடவையாக மேலே பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தார்.

"மனுவுல எழுதாதது ஏதாவது சொல்லணுமா?" என்றாள்.

"ஒங்கிட்ட வந்து ஒக்காரணும்னுதான் அம்புட்டு வருசமும் இருந்தேன், பரிமளா. வந்து ஒக்காந்தா பயமா இருக்கு."

"எனக்கும்தாங்க."

விசாரிக்கப் போன அலுவலர் அப்படிப் பதில் சொல்ல எந்த விதியிலும் இடமில்லை. பரிமளா பேனாவை மூடிக் கைப்பையில் போட்டாள். நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு ஆபீஸ்ல என்ன நடந்துச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தாள்.