பத்துதா?

குழந்தை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் வாயில் ஒரே கேள்விதான். பால் பத்துதா? மாமியார் கேட்டார். நாத்தனார் போன் போட்டுக் கேட்டாள். எதிர்வீட்டு அம்மா தொட்டிலை எட்டிப் பார்த்து, பிள்ளை இளைத்த மாதிரி இருக்கிறதே என்று தன் பங்குக்கு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். யாரும் கெட்ட மனசோடு கேட்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலே; கெட்ட மனசு என்றால் நன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

இத்தனைக்கும் நான் வேலை பார்ப்பது சுகாதார அலுவலகத்தில். எத்தனை பேர் தாய்ப்பால் மட்டும் கொடுக்கிறார்கள் என்று கணக்கெடுப்பதுதான் எங்கள் பிரிவின் பிழைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது ஏறக்குறைய எல்லோருமே கொடுப்பார்கள். இரண்டாவது வாரம் அந்தக் கணக்கு சரிந்துவிடும். பின்னாலேயே வயிற்றுப்போக்கு வார்டில் கைக்குழந்தைகள் கூடும். ஏன் சரிகிறது என்று மேலதிகாரி மண்டையைப் பிய்த்துக்கொள்வார். நாங்களும் கூடச் சேர்ந்து பிய்த்துக்கொள்வோம்.

இப்போது அந்த இரண்டாவது வாரத்தில் நானே உட்கார்ந்திருந்தேன். மகள் குடித்த கையோடு மறுபடி அழுதாள். மாமியார் வாங்கி வைத்த பால்பவுடர் டப்பா மேசைமேல் இருந்தது. தாய்ப்பால் மட்டுமே கொடுக்க எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் பிள்ளையைப் பட்டினி போடுகிறேனோ என்று பயமாக இருந்தது. டப்பா மூடியில் கை வைத்தேன்.

போன் அடித்தது. அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசைக்காரி. குரல் நன்றாக இருக்கும் என்பதால் பிள்ளை பெற்ற இரண்டாவது வாரத்தில் தாய்மார்களுக்குப் போன் பண்ணிக் கணக்கெடுக்கும் வேலை அவளுக்கு. குயில் என்றுதான் கூப்பிடுவோம். இந்த வாரம் என் முறையாம். சிரித்துக்கொண்டே முதல் கேள்வியை வாசித்தாள்.

"பால் பத்துதாம்மா?"

இது எங்கள் ஆபீஸ் கேள்வி. அடுத்த மேசையிலிருந்து தினமும் காதில் விழும். ஒரு நாளும் உறைத்ததில்லை.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வாளியும் கையுமாக வந்தார். பிள்ளைக்கு மாற்றக் காய்ந்த துணி ஒன்றுகூட இல்லை, கொடியில் இடமும் இல்லை என்று புலம்பினார்.

"பத்தல பத்தலங்கறீங்க. அப்ப இவ்வளவு எங்கேருந்து வருது?"

வாளியைப் பார்த்தேன். ஈரத்துணி வழிந்தது. குடிக்காத பிள்ளை இப்படி நனைக்காது. முந்தாநாள் எடை போட்டபோதுகூட ஏறித்தான் இருந்தாள். எல்லாம் தெரிந்த விஷயம்தான், பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை. மூடியிலிருந்து கையை எடுத்தேன்.

நான் பேசாமல் இருந்ததைக் கேட்டு, பத்தவில்லை என்று போட்டுக்கொள்ளவா என்றாள் குயில்.

"வேண்டாம். துணி எவ்வளவு நனையுதுன்னு கேளு, எடை ஏறுதான்னு கேளு. பத்துதா பத்துதான்னு கேட்டா, பத்துற பாலும் பத்தாத மாதிரிதான்டி தெரியும்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தொழிலுக்கு வைத்திருக்கும் குரலை விட்டுவிட்டுச் சொன்னாள்.

"என் பையனுக்கு நான் ரெண்டாவது வாரம் நிறுத்திட்டேன்க்கா. நம்ம ஆபீஸ்லேருந்து போன் வந்த அன்னிக்கு."